பத்து மணிக்குக் குழாயை எடுக்கவும்

ரொட்டிக்கூடத்தில் மிஞ்சும் ஈஸ்டில்
ஒரு நெல்லிக்காய் அளவு எனக்கு.
யாரும் கேட்பதில்லை.
விடிகாலை டிராமில் கோட்டுப்பைக்குள்
காகிதம் நனைந்து நாறும்.
பக்கத்து இருக்கைக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆறாம் மாடி. ஒஸ்த்ராவாவின் நவம்பர்.
வெளியே, கழுவப்போடாத அலுமினியச் சட்டி மாதிரி வானம்.
வெந்நீரை ஆறவிட்டு
ஒன்றரை லிட்டர் புட்டியில் ஊற்றி
சர்க்கரை இரண்டு கோப்பை, ஈஸ்ட்,
மூடியில் துளையிட்டுச் செருகிய குழாய்.
அரை மணியில் மூச்சுவிடத் தொடங்கும்.
இரவெல்லாம் நான் மாவுக்குள் அடைத்துவைக்கிற
அதே மூச்சு.
அங்கே ரொட்டிக்குள் ஓட்டை.
இங்கே நூற்றிருபது லிட்டர் தண்ணீருக்குள்
குமிழ் குமிழாய்க் கரைந்து
இலைக்குச் சோறு.

விளக்கு இரண்டு மணிக்கு எரியும்.
நாலுக்கு நான் எழும்போது
ரொட்டாலாவின் நுனியெல்லாம் வெள்ளிப் பொட்டு.
உண்டு முடித்த இலை வெளிவிடுவது
ஒவ்வொன்றாய்க் கழன்று மேலேறும்.
இதைப் பார்க்கத்தான் வாடகை கட்டுகிறேன்.

சிக்கல் இரவில்.
இருட்டில் செடி உண்ணாது.
புட்டிக்கு அது தெரியாது.
ஜனவரியில் சர்க்கரையைக் கூட்டினேன், பேராசை.
காலையில் வந்து பார்த்தால்
டெட்ரா மீன்கள் மேல்மட்டத்தில் நெருக்கியடித்து
வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.
இரண்டு, வாலிஸ்னேரியாவின் நாடாக்களில் சிக்கிக்
கிடந்தன.
கோட்டைக் கழற்றாமல் வாளி வாளியாய்த் தண்ணீர் மாற்றினேன்.
ஒரு வாளி சாய்ந்தது.

கீழ்வீட்டுக்காரர் வந்தார்.
லுபோர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
கையில் நனைந்து உரிந்த சுவர்க்காகிதம், சாட்சிக்கு.
சாட்சியை வைக்க இடம் தேடித் தொட்டிமேல் வைத்தார்.
திட்ட வாயெடுத்தவர்,
"இதுகளுக்கு என்ன?" என்றார்.
சொன்னேன்.
பகலில் வேண்டும், இரவில் கூடாது.
இரவில் நான் இல்லை.
"நான் இருக்கிறேன்."
உதவுகிறவர் குரல் இல்லை அது.
கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவர் குரல்.

சாவி கொடுத்தேன்.
மாவுச்சாக்குக் காகிதத்தில் எழுதி ஒட்டினேன்:
பத்து மணிக்குக் குழாயை எடுக்கவும்.
மறுநாள் அதன் கீழே:
எடுத்தேன். 21.58.
22.01.
22.00. கண்ணாடியில் நத்தை முட்டை. துடைக்கவா?
வேண்டாம் என்று எழுதினேன்.
22.40. லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். சிரிக்க வேண்டாம்.

பிப்ரவரியில் கிரிப்டோகோரைனை இடம் மாற்றி நட்டேன்.
அதற்குப் பிடிக்காது.
நாலே நாளில் இலையெல்லாம் கண்ணாடியாகி, கூழாகி,
தண்ணீரோடு போயிற்று.
22.00. செடி செத்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை.
வேர் இருக்கிறது, பொறுங்கள் என்று எழுதினேன்.
எனக்கே பாதி நம்பிக்கைதான்.
ஐந்து வாரம் சரளைக்கல் வெறுமனே கிடந்தது.
22.00. ஒன்றுமில்லை.
22.00. ஒன்றுமில்லை.
21.59. ஒன்றுமில்லை.
22.00. பழுப்பாக ஏதோ. குப்பையாகவும் இருக்கலாம்.

குப்பை இல்லை.

அதன்பின் ஆளை நான் இரண்டு முறைதான் பார்த்தேன்,
இரண்டும் லிஃப்டில்.
கதவு இழுக்கும் சத்தம் பற்றிப் பேசினோம்.

நேற்று ரொட்டாலாவைக் கத்தரித்து
துண்டுகளைத் தட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்,
வந்து கொட்டலாம் என்று.
வந்தால், தட்டு காலி.
தொட்டியின் முன்மூலையில் ஏழு தண்டுகள்,
திருகாணி அடித்த மாதிரி சம இடைவெளி.
அதில் ஒன்று தலைகீழ்.

நான் எதுவும் எழுதவில்லை.
தலை மண்ணுக்குள் போனாலும்
கணுவிலிருந்து முளை கிளம்பிக் கழுத்தைத் திருப்பும்,
கொஞ்சம் கோணலாக.
விளக்கு இரண்டு மணிக்கு எரியும்.
குழாயைச் செருகிவிட்டேன்.
தூங்கப் போகிறேன்.